அபிஷேகம் இருக்க, படிப்பு எதற்கு?

(இம்மாத வேதபாடம்)

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 2 இராஜாக்கள் 6:1-7, அப்போஸ்தலர் 18:24-28, 2 தீமோத்தேயு 2:1-15
மனப்பாடம் செய்ய: 2 தீமோத்தேயு 2:15



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து, பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த நேரம். நம்முடைய சபை வாலிபத் தம்பி ஒருவர் என்னிடத்தில் வந்தார். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படித்து, அவர்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக டிகிரி முடித்தவர். "பாஸ்டர் ஐயா, கர்த்தர் என்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார். போறதுக்கு முன்னாடி பி.டி. படிக்கணும்னு இருக்கேன். நாலு வருஷம். நீங்க ஜெபம் பண்ணி, சபையில ஒரு கடிதம் குடுக்கணும்" என்றார்.

பக்கத்தில் நின்ற நம்முடைய மூப்பர் ஐயா கேட்டுவிட்டார். "இன்னாத்துக்குப்பா அந்தப் படிப்பு? அபிஷேகம் வாங்கிட்ட இல்ல? பேதுரு எந்தக் காலேஜுல படிச்சாரு? படிச்சுட்டு வந்தவங்கள எல்லாம் நான் பாத்திருக்கேன். போகும்போது நெருப்பா போறான், வரும்போது சாம்பலா வரான்" என்றார். தம்பியின் அம்மா தனியாக வந்து என்னிடம் அழுதார்கள். "ஐயா, அவங்கப்பா கூலி வேலைக்குப் போயி, சாமை வித்து, கடன் வாங்கி டிகிரி படிக்க வச்சாரு. இப்ப சம்பாதிச்சு கடன அடைப்பான்னு பாத்தா, இன்னும் நாலு வருஷம்னு சொல்றான். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார்கள்.

மூப்பர் ஐயா சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்த அம்மா கண்ணீரிலும் நியாயம் உண்டு. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. "அடுத்த மாதப் பத்திரிகையில் இதையே வேதபாடமாக எழுதுகிறேன், சபையார் எல்லாரும் வாசித்து ஜெபிக்கட்டும், பிறகு பேசுவோம்" என்றேன். அந்தப் பாடம்தான் இது. வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. அழைக்கப்பட்டவர்களைத் தேவன் ஆயத்தப்படுத்தினார்

வேதத்தில் அழைப்பு ஒரு நாளில் வருகிறது, ஆயத்தமோ வருஷக்கணக்கில் நடக்கிறது. மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் தேறினவன் என்று ஸ்தேவான் சாட்சி சொல்லுகிறான் (அப். 7:22). அதற்கு மேல் மீதியானில் நாற்பது வருஷம் ஆடு மேய்த்துக் கற்றுக்கொண்டான். முதலாவது அரண்மனைப் படிப்பு, இரண்டாவது வனாந்தரப் படிப்பு. இரண்டையும் தேவன் பயன்படுத்தினார். சாமுவேல் ஏலியின் காலடியில் வளர்ந்தான். தானியேலும் அவன் தோழர்களும் பாபிலோனில் மூன்று வருஷம் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் படித்தார்கள் (தானி. 1:4,5). அந்த அறிவையும் சாமர்த்தியத்தையும் அவர்களுக்குக் கொடுத்தவர் தேவனே என்று அதே அதிகாரம் 17-ம் வசனம் சொல்லுகிறது. படிப்புக்காக அவர்கள் ஜெபத்தை விடவில்லை, ராஜாவின் போஜனத்தால் தங்களைத் தீட்டுப்படுத்தவும் இல்லை. இதைக் கவனியுங்கள், பிறகு இதற்கு வருவோம்.

பவுல் கமாலியேலின் பாதத்தருகே கற்றவன் (அப். 22:3). தமஸ்கு வழியில் கர்த்தர் சந்தித்தபின் அவன் உடனே எருசலேமுக்கு ஓடி மேடை ஏறவில்லை, அரபிதேசத்துக்குப் போனான் (கலா. 1:17). கடைசிக் காலத்தில், சிறைச்சாலையில், மரணம் வாசலில் நிற்கும்போதும் தீமோத்தேயுவுக்கு என்ன எழுதுகிறான்? மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லுகிறான் (2 தீமோ. 4:13). மூன்றாம் வானம் வரைக்கும் எடுக்கப்பட்ட மனுஷனுக்கும் புஸ்தகம் தேவைப்பட்டது!

இப்போது அப்பொல்லோவைப் பாருங்கள் (அப். 18:24-28). நம்மைப் போன்ற சபைகளுக்கு இவன்தான் கண்ணாடி. சாதுரியமாகப் பேசுவான், வேத வசனங்களில் வல்லவன், ஆவியில் அனலுள்ளவன். நம் கன்வென்ஷனுக்கு வந்திருந்தால் கூட்டம் எழும்பி நின்று ஸ்தோத்திரம் சொல்லியிருக்கும். ஆனாலும் ஒரு குறை இருந்தது. யோவான் கொடுத்த ஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தான். அனல் இருந்தது, அறிவு பாதிதான் இருந்தது. கூடாரத்தொழில் செய்த ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும் என்ன செய்தார்கள்? சபை நடுவே எழுந்து அவனை அவமானப்படுத்தவில்லை. தனியே அழைத்துக்கொண்டுபோய், தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். அவனும் ஒரு தொழிலாளியிடமும் ஒரு ஸ்திரீயினிடமும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு சபையார் அவன் கையில் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து அகாயாவுக்கு அனுப்பினார்கள் என்பதையும் கவனியுங்கள். நம் தம்பி கேட்பதும் ஒரு கடிதம்தானே!

2. படிப்புக்கு விரோதமாக நாம் எடுத்துப் பேசும் வசனங்கள்

பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்று ஆலோசனைச் சங்கத்தார் கண்டார்கள் (அப். 4:13). மெய்தான். ஆனால் வசனத்தின் பிற்பகுதியையும் வாசியுங்கள். அவர்கள் இயேசுவோடே இருந்தவர்கள் என்றும் அறிந்துகொண்டார்கள். ரபீமார்களுடைய பள்ளிக்கூடத்தில் அவர்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றரை வருஷம் இராப்பகலாக, சாப்பாட்டிலும் பிரயாணத்திலும், போதகராகிய இயேசுவோடே தங்கிப் படித்தார்கள். உயிர்த்தெழுந்த பின்னும் நாற்பது நாள் அவர்களுக்குத் தேவராஜ்யத்தைக் குறித்துப் பாடம் நடந்தது (அப். 1:3). பேதுருவைக் காட்டி, "எனக்குப் படிப்பே வேண்டாம்" என்று சொல்லுகிறவர் பேதுருவைப் போல மூன்றரை வருஷம் வலையை விட்டுவிட்டு உட்காரத் தயாரா என்று யோசிக்க வேண்டும்.

எழுத்து கொல்லும், ஆவி உயிர்ப்பிக்கும் என்கிற வசனம் (2 கொரி. 3:6) அடுத்தது. இங்கே எழுத்து என்பது காலேஜ் புஸ்தகம் அல்ல. அடுத்த வசனத்திலேயே பவுல் சொல்லுகிறான், கற்களில் எழுதப்பட்ட பிரமாணத்தைக் குறித்துத்தான் பேசுகிறான். பழைய உடன்படிக்கைக்கும் புதிய உடன்படிக்கைக்கும் உள்ள வித்தியாசம் அது. முன்பின் வசனம் பார்க்காமல் ஒரு வசனத்தைப் பிடுங்கி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே உதாரணம்.

என்ன பேசுவோம் என்று கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னாரே என்பார்கள் (மத். 10:19,20). அது விசுவாசத்தினிமித்தம் அதிபதிகளுக்கு முன்பாக இழுத்துக்கொண்டு போகப்படும் வேளைக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். சனிக்கிழமை ராத்திரி வேதத்தைத் திறக்காமல் தூங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மேடை ஏறுகிறவனுக்குக் கொடுத்தது அல்ல. இதை நான் மற்றவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

3. என் வாழ்க்கையில் ஒரு பாவ அறிக்கை

இதை எழுதக் கை நடுங்குகிறது. ஆனாலும் சபை அறிய வேண்டும்.

நான் வேதாகமக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே பிரசங்கம் பண்ண ஆரம்பித்தவன். வயசு இருபத்தி சொச்சம். சத்தம் இருந்தது, கண்ணீர் இருந்தது, ஜனங்கள் விழுந்து எழும்பினார்கள். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஆசா ராஜாவைக் குறித்துப் பேசினேன். காலில் வியாதி வந்தபோது அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்று இருக்கிறதல்லவா (2 நாளா. 16:12)? அதை வைத்து, "மாத்திரை போடுகிறவன் விசுவாசத்தில் குறைவுள்ளவன்" என்று முழங்கினேன். அந்தக் கூட்டத்தில் சர்க்கரை வியாதியுள்ள ஒரு தாயார் இருந்தார்கள். வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டார்கள். எனக்கு அது தெரிந்தபோது சந்தோஷப்பட்டேன், அடுத்த கூட்டத்தில் சாட்சியாகவும் சொல்ல வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து காலில் ஒரு சின்னப் புண். அது ஆறவில்லை. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தது கர்த்தருடைய கிருபை, ஆனால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நான் பார்க்கப் போனேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "என் விசுவாசம் பத்தல பாஸ்டர்" என்று என்னிடத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். பிரியமானவர்களே, திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் நான் டிப்ளமோ படிக்கப் போனேன். அங்கே பழைய ஏற்பாட்டு வகுப்பில் ஆசிரியர் நாளாகமம் நடத்தினார். "ஒரு வசனத்தை வாசிக்கும்போது அதிகாரம் முழுவதையும் வாசி" என்றார். அந்த 16-ம் அதிகாரத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். ஆசா சீரியா ராஜாவைச் சார்ந்துகொண்டான், கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தான், ஜனங்களைக் கொடுமைப்படுத்தினான். கர்த்தரை விட்டே விலகிவிட்டவன் வியாதியிலும் அவரைத் தேடவில்லை என்பதுதான் குற்றம். வைத்தியரிடம் போனதே பாவம் என்று அங்கே இல்லை. எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசிதான் (2 இரா. 20:7). பவுல் தன்னோடே லூக்கா என்கிற வைத்தியனை வைத்துக்கொண்டான் (கொலோ. 4:14). தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வைத்தியமும் சொன்னான் (1 தீமோ. 5:23). இதெல்லாம் என் வேதாகமத்திலும் அன்றைக்கும் இருந்ததே! நான்தான் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

கர்த்தர் சுகமாக்குகிறவர். அதை இன்றைக்கும் விசுவாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், கண்ணால் கண்டும் இருக்கிறேன். ஆனால் படிப்பில்லாத என் வைராக்கியத்துக்கு விலை கொடுத்தது நான் அல்ல. ஆடு விலை கொடுத்தது. மேய்ப்பன் தப்பு பண்ணினால் ஆட்டுக்குத்தான் கால் போகும். போதகனாகிறவனுக்கு அதிக ஆக்கினை உண்டு என்று யாக்கோபு எழுதியது (யாக். 3:1) இதனால்தான்.

வேலூர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மிஷனரி மகளாகிய ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு அழைப்பு வந்தது திண்டிவனத்தில், ஒரே ராத்திரியில். பிரசவ வேதனைப்படும் மனைவிக்காக மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அந்த ராத்திரியே அவர்கள் இருதயம் உடைந்தது. ஆனால் மறுநாளே அவர்கள் கத்தியை எடுத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகவில்லை. அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பி வந்தார்கள். 1918-ல் வேலூரில் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்தார்கள். சரீரத்தைத் தொடுகிறவர்களுக்கு இவ்வளவு ஆயத்தம் வேண்டுமானால், ஆத்துமாவைத் தொடுகிறவனுக்கு எவ்வளவு வேண்டும்!

4. எழுப்புதலும் படிப்பும் சத்துருக்களா?

படித்தால் அக்கினி அணைந்துபோகும் என்று பயப்படுகிறோம். நம் பெந்தெகொஸ்தே சரித்திரம் வேறே சொல்லுகிறது.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்கிற ஊர். அங்கே சார்லஸ் பர்ஹாம் என்பவர் ஒரு வேதாகமப் பள்ளி நடத்தினார். பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு வேதத்தில் என்ன அடையாளம் என்று அப்போஸ்தலர் நடபடிகளை ஆராய மாணவர்களுக்குப் பாடம் கொடுத்தார். படித்து, ஜெபித்து, காத்திருந்தபோது, 1901 ஜனவரி 1-ம் தேதி ஆக்னஸ் ஓஸ்மன் என்கிற மாணவி அந்நிய பாஷையில் பேசினார். அந்த மழை பெய்ய ஆரம்பித்தது ஒரு வகுப்பறையில்!

பிறகு பர்ஹாம் ஹூஸ்டன் நகரத்தில் வகுப்பு நடத்தினார். வில்லியம் சீமோர் என்கிற கறுப்பின ஊழியர் படிக்க வந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். வெள்ளையரோடு ஒரே அறையில் கறுப்பர் உட்காரக் கூடாது என்பது அந்நாளின் நிலைமை. ஆகையால் அவர் வகுப்புக்கு வெளியே, நடையில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாகக் கேட்டுப் படித்தார். அந்த மனுஷனைத்தான் தேவன் 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவுக்குக் கொண்டுபோய் உலகமெங்கும் எழுப்புதலைப் பற்றவைத்தார். வெளியே உட்கார வைக்கப்பட்டது எப்படி இருக்கும் என்று நம்மில் அநேகருடைய தாத்தா பாட்டிக்குத் தெரியும். அவமானத்தையும் சகித்துப் படித்தார் சீமோர். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது, நாம் போக வேண்டாம் என்கிறோமா?

நம் தேசத்துக்கு வாருங்கள். 1905-ல் பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷனில் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அதே அம்மையார் எபிரெயுவும் கிரேக்கும் கற்று, வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்து, 1922-ல் மரிப்பதற்குச் சற்று முன் அந்த வேலையை முடித்தார்கள். அக்கினியும் அகராதியும் ஒரே கையில்! நம் தமிழ்நாட்டிலும் அசூசாவுக்கு வெகு முன்னே, 1860-ல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஐயாவின் ஊழியத்தில் அந்நிய பாஷைகளும் தீர்க்கதரிசனங்களும் விளங்கின. அந்த அருளப்பன் யார்? ரேனியஸ் ஐயரிடத்தில் கற்றவர்.

போதகர்களை ஆயத்தப்படுத்தும் வழக்கமும் நம் மண்ணில் பழையது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் 1716-லேயே அங்கே ஊழியருக்கான ஒரு பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். 1718-ல் ஞானஸ்நானம் பெற்ற கடலூர்க்காரர் ஆரோன், உபதேசியாராக வருஷக்கணக்கில் பழகி, 1733-ல் போதகராக அபிஷேகம் பண்ணப்பட்டார். புராட்டஸ்டண்ட் சபையில் முதல் இந்தியப் போதகர் அவர்தான். இடையில் 15 வருஷம்! செருப்புத் தைத்துக்கொண்டே பாஷைகளைக் கற்ற வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோரோடு 1818-ல் செராம்பூர் கல்லூரியை ஏற்படுத்தினார். 1827-ல் டென்மார்க் ராஜா அதற்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரத்தைச் சாசனமாகக் கொடுத்தார். 1915-ல் அந்தச் சாசனத்தின்படி முதல் பி.டி. பட்டங்கள் கொடுக்கப்பட்டன. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியைப் பார்த்திருக்கிறீர்களே, அந்த டென்மார்க்தான்.

5. பி.டி. என்றால் என்ன?

சபையார் பலருக்கு இது தெரியாததால் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பி.டி. என்பது ஊழியத்துக்கான இறையியல் பட்டம். டிகிரி முடித்தவர்களுக்குச் சாதாரணமாக நாலு வருஷம். செராம்பூர் செனட்டோடு இணைந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இது நடக்கிறது. மதுரை அரசரடியில் 1969-ல் ஏற்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். சென்னையில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது. பெங்களூரில் 1910-ல் ஆரம்பித்த ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. எம்.டிவ். என்பதும் ஏறக்குறைய இதே வகுப்புதான். சுவிசேஷ சபைகளின் கல்லூரிகளும் பெந்தெகொஸ்தே கல்லூரிகளும் ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரத்தோடு பெரும்பாலும் அதை நடத்துகின்றன.

பாடங்கள் என்ன? பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, எபிரெயு அல்லது கிரேக்கு, சபைச் சரித்திரம், உபதேச சத்தியங்கள், ஒழுக்க நெறி, மற்ற மதங்கள், பிரசங்கம், ஆலோசனை ஊழியம், மிஷனரி ஊழியம். வார இறுதியில் சபைகளில் பயிற்சி.

இதற்கு ஒரு உதாரணம். நம்முடைய ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986 முதல் அங்கே ஒரு பெரிய டெலஸ்கோப் நிற்கிறது. மலையில் ராத்திரி வெறும் கண்ணால் பார்த்தாலே வானம் ஜொலிக்கும், நட்சத்திரம் பார்க்க டெலஸ்கோப் வேண்டியதில்லை. ஆனால் டெலஸ்கோப்பில் பார்க்கிறவருக்கு, வெறும் இருட்டு என்று நாம் நினைத்த இடத்திலும் நட்சத்திரக் கூட்டம் தெரிகிறது. டெலஸ்கோப் ஒரு நட்சத்திரத்தையும் உண்டாக்கவில்லை, இருக்கிறதைக் காட்டுகிறது. படிப்பும் அப்படியே. வேதத்தோடு ஒன்றையும் அது கூட்டாது. கூட்டினால் அது தவறான படிப்பு. இருக்கிறதைக் காட்டும். அதே சமயம் இதையும் மறக்காதீர்கள்: கண் குருடாயிருந்தால் டெலஸ்கோப் இருந்தும் பிரயோஜனமில்லை. அந்தக் கண்ணைத் திறக்கிறவர் பரிசுத்த ஆவியானவர் ஒருவரே.

6. எச்சரிப்புகள்

மூப்பர் ஐயா சொன்ன சாம்பலும் உண்மைதான். அதை மறைக்கக் கூடாது.

அ) ஜெபம் குறையும் அபாயம். பரீட்சைக்காக வேதத்தை வாசித்து வாசித்து, தனக்காக வாசிப்பதை விட்டுவிடுவார்கள். தானியேல் பாபிலோன் பாடத்தையும் படித்தான், மூன்று வேளை முழங்காலும் போட்டான்.

ஆ) கேள்விகள் அசைக்கும் அபாயம். அங்கே நடத்தப்படுகிற எல்லாக் கருத்தும் நமக்கு ஒத்துவராது. சிலது தலையைச் சுற்றும். ஓடிவிட வேண்டாம், விழுங்கியும் விட வேண்டாம். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் (1 தெச. 5:21).

இ) பெருமை. அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ கட்டும் (1 கொரி. 8:1). நாலு கிரேக்க வார்த்தை தெரிந்ததும் கைநாட்டு வைக்கும் பாட்டியம்மாவின் ஜெபத்தை அற்பமாக எண்ணினால், அந்தப் படிப்பு வீண்.

ஈ) திரும்பி வராத அபாயம். மலைக்காகப் போகிறவன் பட்டணத்து ஃபேன் காற்றில் உட்கார்ந்துவிடுகிறான். மலைப் பாதை மறந்துபோகிறது.

உ) போலிப் பட்டம். பணம் கட்டினால் வீட்டுக்கே டாக்டர் பட்டம் வருகிறது, சால்வை போட்டு போட்டோவும் எடுக்கிறார்கள். படிக்காமல் படித்ததாகச் சொல்லுவது பொய். பொய்யோடு பிரசங்க மேடை ஏறக் கூடாது. எந்தக் கல்லூரியானாலும், யார் அங்கீகாரம் கொடுத்தது, எத்தனை வருஷ வகுப்பு, அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே ஊழியம் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

எல்லாருக்கும் இந்தப் பட்டம்தான் வழி என்றும் நான் சொல்லவில்லை. சாது சுந்தர்சிங் லாகூரில் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, 1910-ல் விட்டுவிட்டு வெளியேறினார். தேவன் அவரை வேறே விதமாக நடத்தினார். ஆனால் அவர் சோம்பலினால் விடவில்லை. தன் கிரேக்க புதிய ஏற்பாட்டையோ, இல்லையென்றால் உருது ஏற்பாட்டையோ திறக்காத போதகர்களுக்கு அவர் பெயர் சாக்கு அல்ல. குடும்பமும் வேலையும் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம். செராம்பூர் செனட்டின் தபால்வழிப் படிப்புகள் உண்டு. பெங்களூரிலிருந்து டாஃப்டீ நடத்தும் பாடங்கள் தமிழிலும் உண்டு. நாற்பது தாண்டின நானும் கடை வேலையோடு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

7. கடன் வாங்கின கோடாலி

கடைசியாக, அந்தத் தாயாரின் கண்ணீருக்கு வருகிறேன். 2 இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தைத் திறவுங்கள். தீர்க்கதரிசிகளின் புத்திரர் எலிசாவிடம், நாங்கள் குடியிருக்கிற இடம் நெருக்கமாயிருக்கிறது என்கிறார்கள். இந்நாளில் சொன்னால், ஹாஸ்டலில் இடம் போதவில்லை. என்ன யோசனை சொன்னார்கள்? யோர்தானுக்குப் போய் ஆளுக்கு ஒரு உத்திரம் வெட்டிக்கொண்டு வருவோம் என்றார்கள். எலிசாவும் கூடவே போனான். அங்கே ஒருவன் மரம் வெட்டும்போது கோடாலி தண்ணீரில் விழுந்தது. ஐயோ என் ஆண்டவனே, அது இரவலாக வாங்கப்பட்டதே என்று கூப்பிட்டான். பாருங்கள், ஊழியத்துக்குப் படிக்கிற பிள்ளை அன்றைக்கும் ஏழைதான். சொந்தமாக ஒரு கோடாலிகூட இல்லை. அந்த ஏழையின் கடனைக் கர்த்தர் அற்பமாக எண்ணவில்லை. இரும்பையே மிதக்கப் பண்ணினார்.

நான் அந்த அம்மாவிடம், "கடனைப் பற்றிக் கவலைப்படாதீங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டுப் போக முடியும். மாத்திரையைப் பற்றி அப்படித்தான் சொன்னேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். கர்த்தர் இரும்பை மிதக்கப் பண்ணினார், ஆனால் உத்திரத்தை அவர்கள்தான் வெட்டினார்கள், ஆளுக்கு ஒன்று. நம் சபையிலும் ஆளுக்கு ஒரு உத்திரம் எடுப்போமா? தம்பியின் விடுதிச் செலவை மாதாமாதம் சபை ஏற்றுக்கொண்டால், வீட்டுக் கடனை அந்த வீட்டார் மெதுவாக அடைக்க வழி உண்டாகும். பணமில்லாதவர்கள் ஒரு படி அரிசி, ஒரு படி சாமை கொடுக்கலாம். வருகிற சபைக் கமிட்டியில் இதை வைக்கிறேன்.

ஏன் இவ்வளவு பாடு? மலையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் நாம் பாட்டுப் பாடி, சாட்சி சொன்னால் போதுமாயிருந்தது. இன்றைக்கு ஜமுனாமரத்தூர் பக்கம் பிள்ளைகள் டிகிரி படிக்கிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. யூடியூபில் யார் யாரோ தீர்க்கதரிசி என்று வருகிறார்கள், ஒருவர் சொன்னதை ஒருவர் மறுக்கிறார். "ஐயா, எது மெய்? ஏன் மெய்?" என்று பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். சிலதுக்கு என்னிடம் பதில் இருக்கிறது, சிலதுக்கு இல்லை. அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் ஊர்க்காரனே, அவர்கள் பேச்சிலேயே, ஆவியின் அனலோடும் வசனத்தின் தெளிவோடும் பதில் சொன்னால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

தம்பிக்கு நான் வைத்த நிபந்தனைகள் மூன்று. விடுமுறை தோறும் மலைக்கு வர வேண்டும். தினமும் காலையில் பாடப் புஸ்தகத்துக்கு முன்னே முழங்கால். குழப்பம் வந்தால் மறைக்காமல் எனக்கோ மூப்பர் ஐயாவுக்கோ எழுத வேண்டும். மூன்றுக்கும் சரி என்றார்.

இந்தப் பாடத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மூப்பர் ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆசா ராஜா கதைய நானும் உங்ககிட்ட கேட்டுத்தான் அப்படி நம்பிக்கிட்டு இருந்தேன் பாஸ்டர்" என்றார். அது எனக்கு இன்னொரு குத்து. போகும்போது வாசலில் நின்று, "சரி, முதல் உத்திரம் என்னுதுன்னு எழுதிக்குங்க. ஆனா சாம்பலா வந்தான்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார். அந்த அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் நெருக்க வேண்டாம், நாமும் கூட ஜெபிப்போம்.

சிந்திக்கக் கேள்விகள் (வீட்டு ஜெபக்கூட்டங்களில் கலந்து பேச)

1. அப்பொல்லோவிடம் இருந்தது என்ன? இல்லாதது என்ன? என்னிடத்தில் எது குறைவு?
2. முன்பின் வசனம் பார்க்காமல் நான் நம்பிக்கொண்டிருக்கிற ஒரு வசனம் உண்டா? இந்த வாரம் அந்த அதிகாரம் முழுவதையும் வாசிப்பேனா?
3. ஊழியத்துக்குப் போகிற பிள்ளைக்காக என் வீட்டின் உத்திரம் எது?

ஜெபக் குறிப்புகள்: இறையியல் கல்லூரிகளில் படிக்கும் வாலிபர்கள், அவர்களுடைய ஆசிரியர்கள், மலை ஊழியத்துக்கு வேலையாட்கள், தம்பியின் பெற்றோருக்குச் சமாதானம், வசனத்தை நிதானமாய்ப் பகுத்துப் போதிக்க இந்த ஊழியக்காரனுக்குக் கிருபை.

கர்த்தர்தாமே தமது வசனத்தின் வெளிச்சத்தாலும் ஆவியின் அக்கினியாலும் உங்களை நிரப்புவாராக. ஆமென். அல்லேலூயா!

கிறிஸ்துவின் பணியில் உங்கள் சகோதரன்,
சபைப் போதகர், போளூர்.